கார்பிள் என்ற சொல்லும் ஒரு போத்தல் மிளகும்

முப்பது வருடம் பதுளையில் ஆங்கிலம் படிப்பித்தவள் நான். பிள்ளைகளின் கட்டுரையில் தலையும் வாலும் இல்லாத வாக்கியத்தைக் கண்டால் ஓரத்தில் சிவப்பு மையால் ஒரே ஒரு சொல்லை எழுதுவேன்: கார்பிள்ட் (garbled). உளறல், குழப்படி என்று பொருள். கார்பிள் என்ற அந்த வினைச்சொல் பேச்சில் அதிகம் வராது, பாடப்புத்தகத்திலும் அபூர்வம். அதனாலேயே எனக்கு அதன்மேல் ஒரு பிரியம். மற்ற ஆசிரியர்களுக்குத் தெரியாத சொல் என்னிடம் இருக்கிறது என்கிற பிரியம். அது எங்கிருந்து வந்தது என்று ஒரு நாளாவது பார்த்திருப்பேனா என்றால், இல்லை.

ஓய்வு பெற்ற பிறகும் ஆட்கள் என் வீட்டுக்குக் கடதாசிகளோடு வந்துகொண்டிருக்கிறார்கள். பிறப்புப் பத்திரம், வெளிநாட்டு வேலைக் கடிதம், அலுவலகத்திலிருந்து வந்த மிரட்டல். நான் அதற்குக் கூலி வாங்குவதில்லை. பெருமைதான் என் கூலி. மடுல்சீமைப் பக்கம் தோட்டத் தொழிலாளர் லயம் ஒன்றில் பிறந்தவள், துரைமாரின் மொழியை அகராதி புரட்டாமலே படித்துச் சொல்கிறாள் என்று நாலு பேர் பேசுவதைக் கேட்க எனக்குப் பிடிக்கும். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் இதைச் சொல்லாமல் மீதியைச் சொல்ல முடியாது.

வீட்டில் அகராதி இல்லாமல் இல்லை. நான் ஓய்வு பெற்ற அன்று பாடசாலையில் கொடுத்த தடித்த அகராதி ஒன்று இருந்தது. தொலைக்காட்சி வைத்திருந்த மேசைக்கு ஒரு கால் குட்டை. அந்தக் காலுக்கு அகராதியை முட்டுக் கொடுத்திருந்தோம். என் கணவர் யாழ்ப்பாணத்துக்காரர். தபால் கந்தோர் வேலைக்குப் பதுளைக்கு வந்து, என்னைக் கட்டிக்கொண்டு இங்கேயே தங்கிவிட்டவர். இத்தனை வருடம் மலையில் இருந்தும் பேச்சை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை.

"உமக்கு டிக்சனரி தேவைப்படாதது டீவிக்குத்தான் நல்ல காலம்" என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வீட்டுக்கு வந்தபோது வாசலில் ஒரு பெண் காத்திருந்தாள். லுணுகலைக்கு அப்பால் ஒரு தோட்டத்திலிருந்து வந்திருந்தாள். வயது முப்பது இருக்கும். அங்கே பெண்கள் சிலர் சேர்ந்து ஒரு சங்கம் வைத்திருந்தார்கள், இவள் அதன் செயலாளர். லயத்தைச் சுற்றியுள்ள நிழல் மரங்களில் மிளகுக்கொடி ஏற்றி, பறித்து, காயவைத்து, இதுவரை பசறைச் சந்தையில் விற்று வந்தவர்கள், முதல் தடவையாகக் கொழும்பில் ஏற்றுமதி செய்யும் ஒருவருக்கு மாதிரி அனுப்பியிருந்தார்கள். அவரிடமிருந்து ஆங்கிலத்தில் பதில் வந்திருந்தது.

"டீச்சருக்குக் கொஞ்சம் மொளகு. அனுப்புன மாதிரியிலயே மிஞ்சினதுங்க" என்று பழைய ஜாம் போத்தல் ஒன்றைக் கையில் தந்தாள். நான் அதை வாங்கிப் பாராமலே குசினி மேசையில் வைத்துவிட்டு வந்து, அவளுடைய கைத்தொலைபேசியில் கடிதத்தைப் படித்தேன்.

மூன்றே வரிகள். அனுப்பிய மாதிரி கார்பிள் செய்யப்பட்டிருக்கக் காண்கிறோம். உங்கள் பக்கத்தில் இதைச் செய்கிறவர் யார்? மொத்தச் சரக்கையும் அதே ஆள்தான் கையாளப்போகிறாரா என்று அறியத் தரவும்.

எனக்குப் பழகிய சொல். எத்தனை கொப்பிகளில் எழுதிய சொல். கட்டுரையில் குழப்படி என்றால் மிளகில் என்னவாக இருக்கும்? ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை.

"உங்கள் மிளகு கலப்படம் என்கிறார்கள்" என்றேன். "யார் இந்த வேலையைச் செய்தது என்று கேட்கிறார்கள். அந்த ஆளை வைத்துக்கொண்டா மொத்தத்தையும் அனுப்பப்போகிறீர்கள் என்று நாசூக்காகக் கேட்கிறார்கள்."

நாசூக்கு என்ற சொல் கடிதத்தில் இல்லை. அது என்னுடைய அன்பளிப்பு.

அவள் முகம் சுண்டிப்போய்விட்டது. "பொடைச்சது சலிச்சது எல்லாம் ஒரே ஒரு அக்காதாங்க. தேயிலை ஸ்டோருல தூள் சலிச்ச கை அது. பதினெட்டு வருசம். அந்த அக்கா அப்புடி செய்ற ஆளு இல்லீங்க டீச்சர்."

"கொழும்புக்காரர் வேலை மினக்கெட்டு சும்மா எழுதுவாரா?" என்றேன் நான்.

அந்த ஒரு கேள்விக்காக இன்றைக்கும் என் நாக்கைக் கடித்துக்கொள்கிறேன். மொழிபெயர்க்க வந்தவள் மொழிபெயர்த்துவிட்டு வாயை மூடியிருக்கலாம். தீர்ப்பும் சேர்த்துச் சொன்னேன்.

ஐந்தாறு நாள் கழித்து அவளிடமிருந்து அழைப்பு வந்தது. கூட்டம் போட்டார்களாம். அந்த அக்காவைக் கேட்டார்களாம். அவர், நான் ஒரு மணிகூடக் கலக்கவில்லை என்று சொன்னாராம். பிறகு எப்படிக் கடிதத்தில் வந்தது என்று கேட்டதற்கு அவரிடம் பதில் இல்லையாம். வேலையிலிருந்து நிறுத்திவிட்டோம், இதைக் கொழும்புக்கு இங்கிலீசில் எழுதித் தாருங்கள் டீச்சர் என்றாள்.

எழுதிக் கொடுத்தேன். சம்பந்தப்பட்ட நபர் அப்பணியிலிருந்து நீக்கப்பட்டுள்ளார் என்பதை இத்தால் தெரிவித்துக்கொள்கிறோம். ஆங்கிலத்தில் இன்னும் கம்பீரமாக இருந்தது. செயப்பாட்டு வினையில் ஒரு சௌகரியம் உண்டு, நீக்கியது யார் என்று சொல்லத் தேவையில்லை. அனுப்பு முன் இரண்டு தடவை வாசித்து, நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

அன்று மத்தியானம் ரசம் வைத்தேன். கடையில் வாங்கிய மிளகு முடிந்திருந்ததால் அந்த ஜாம் போத்தலைத் திறந்தேன். என் கணவர் இரண்டாம் தடவையும் ரசம் கேட்டு வாங்கிக் குடித்தார். பிறகு எழுந்துபோய்ப் போத்தலை எடுத்து, கொஞ்சத்தை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தார்.

"இஞ்சை பாரும். ஒரு கல்லு இல்லை, ஒரு காம்பு இல்லை, பொக்கு மிளகு ஒண்டுகூட இல்லை. ஆர் புடைச்சதெண்டு கேட்டுச் சொல்லும்."

"லுணுகலைப் பக்கத்து மிளகு" என்றேன். அவ்வளவுதான் சொன்னேன். அந்த மிளகும் நான் காலையில் எழுதிய கடிதமும் ஒரே சாக்கிலிருந்து வந்தவை என்பது என் புத்தியில் ஏறவே இல்லை. கொழும்புக்காரர் கேட்ட அதே கேள்வியை என் வீட்டிலேயே ஒருவர் கேட்கிறார் என்பதும் ஏறவில்லை.

இரண்டு கிழமை சென்றிருக்கும். கொழும்பிலிருந்து மறு கடிதம் வந்தது என்று செயலாளர் அதைப் படமெடுத்து எனக்கு அனுப்பியிருந்தாள். முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டே படித்தேன்.

அவர் நீக்கப்பட்டது குறித்து வருந்துகிறோம். அவ்வளவு நன்றாகக் கார்பிள் செய்த மிளகு எங்களுக்குக் கிடைப்பது அபூர்வம், அதனால்தான் அவரைப் பற்றிக் கேட்டிருந்தோம். கார்பிள் செய்யாத மிளகை நாங்கள் எடுப்பதில்லை. வேறு யாராவது அந்த வேலைக்கு இருந்தால் புதிய மாதிரி அனுப்பவும்.

ஈரத்துணியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றேன். பிறகு உள்ளே போய் மேசையைத் தூக்கச் சொன்னேன். என் கணவர் தூக்கிப் பிடித்தார். அகராதியை உருவினேன். மேல் அட்டையில் மேசைக்காலின் வட்டம் பதிந்திருந்தது.

கார்பிள் என்றால் முதல் பொருள் சலித்தல். வாசனைத் திரவியங்களைச் சலித்து, கல்லும் காம்பும் தூசும் நீக்கிச் சுத்தமாக்குதல். லத்தீனில் சிறிய சல்லடைக்கு ஒரு சொல் இருந்திருக்கிறது. அது அரபிக்குப் போயிருக்கலாம் என்கிறார்கள். அரபியில் அந்த ஓசையோடு சலித்தல் என்ற வினை இருந்தது மட்டும் நிச்சயம். மிளகும் ஏலமும் ஏறிய துறைமுகங்களில் இத்தாலிய வணிகர்கள் சரக்கோடு சேர்த்து அந்தச் சொல்லையும் வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்களிடமிருந்து அது இங்கிலாந்துக்குப் போனது. லண்டனில் கார்பிளர் என்று ஓர் உத்தியோகத்தரே இருந்திருக்கிறார். எந்தக் கடைக்குள்ளும் நுழைந்து, மிளகைக் கொட்டிச் சலித்து, அழுக்கைத் தள்ளிவிடும் அதிகாரம் அவருக்கு இருந்தது.

பிறகுதான் சொல் சறுக்கியிருக்கிறது. சலிப்பது என்றால் பொறுக்குவது. ஒருவர் சொன்னதில் தனக்குத் தோதானதை மட்டும் பொறுக்கி எடுத்து மற்றதை உதறிவிடுகிறவர்களையும் அதே சொல்லால் குறிக்கத் தொடங்கினார்கள். பொறுக்கி எடுத்தால் பேச்சு திரியும். அதனால் திரிப்பதும் அந்தச் சொல்லானது. கடைசியில் வேண்டுமென்று செய்யாத வெறும் குழப்படிக்கும் அதுவே பெயரானது. சுத்தப்படுத்தப் புறப்பட்ட சொல் என் சிவப்பு மையில் வந்து உளறலாக நின்றது. மிளகு வியாபாரிகள் மட்டும் பழைய பொருளைக் கைவிடவில்லை. அவர்களுக்குக் கார்பிள் செய்த மிளகுதான் உயர்ந்த மிளகு.

தரையில் உட்கார்ந்தபடியே நம்முடைய சொற்களை நினைத்துப் பார்த்தேன். தமிழில் இந்த வேலைக்கு எத்தனை வினைகள்! சல்லடையில் சலிக்கிறோம். சுளகில் புடைக்கிறோம், கொழிக்கிறோம், தெள்ளுகிறோம். ஒவ்வொன்றுக்கும் மணிக்கட்டு ஒவ்வொரு விதமாகத் திரும்பும். தெள்ளுகிற வேலைக்குப் பக்கத்திலேயே தெள்ளிய நீரும் தெள்ளத் தெளிவும் இருக்கின்றன. அங்கே சலித்த சொல் குழப்பத்தில் போய் முடிய, இங்கே தெள்ளிய சொல் தெளிவுக்குப் பக்கத்தில் நிற்கிறது. ஆனால் நாமும் பெரிதாகப் பீற்றிக்கொள்ள முடியாது. சலிப்பு என்றால் நமக்கு அலுப்பும்தானே. அது வேறு சலிப்பு என்று பண்டிதர்கள் சொல்லக்கூடும். நாள் முழுக்கச் சல்லடை பிடித்த கையைக் கேட்டால் இரண்டும் ஒன்றுதான் என்று சொல்லும்.

இப்படி யோசித்துக்கொண்டிருந்தது எனக்குச் சுகமாகக்கூட இருந்தது. சொல்லின் வேர் சுவையானது, அதில் எவ்வளவு நேரமும் ஒளிந்திருக்கலாம். என் கணவர்தான் கேட்டார். "அந்தப் பொம்பிளை இப்ப என்ன செய்யிறா?"

எனக்குத் தெரியவில்லை.

ஒரு வழி இருந்தது. கொழும்புக்காரர் மனதை மாற்றிக்கொண்டார், பழைய ஆளையே திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று தொலைபேசியில் சொல்லிவிடலாம். சங்கத்தில் ஒருவருக்கும் ஆங்கிலம் தெரியாது. என் பெயரும் கெடாது, அந்த அக்காவுக்கு வேலையும் திரும்பக் கிடைக்கும். இலக்கத்தை அழுத்தக்கூடச் செய்தேன். ஆனால் அப்படிச் சொன்னால் அவர் கலப்படக்காரியாகவே இருப்பார், மன்னிக்கப்பட்ட கலப்படக்காரி. எனக்கு அழுகை வந்தது. அழைப்பைத் துண்டித்தேன்.

"போனிலை சொல்லுற விசயமில்லை. நேரை போம்" என்றார் அவர்.

மறுநாள் காலை லுணுகலை பஸ்ஸில் ஏறினேன். லுணுகலையில் இறங்கி, முச்சக்கர வண்டியில் தோட்டத்துக்குப் போனேன். சங்கம் பழைய பிள்ளைக் காம்பராவில் நடந்தது. ஒரு காலத்தில் கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் கைக்குழந்தைகளை விட்டுச் செல்லும் அறை அது. இப்போது அதில் மிளகுச் சாக்குகள் அடுக்கியிருந்தன. பத்துப் பன்னிரண்டு பெண்கள் இருந்தார்கள். அந்த அக்கா இல்லை.

செயலாளர் என்னை ஒரு பக்கமாக அழைத்துப்போய்ச் சொன்னாள். "அவங்க இப்ப யாரோடயும் பேசுறதில்லீங்க. தண்ணிப் பைப்புக்குக்கூட எல்லாரும் போன பொறகுதான் வர்றாங்க. கலப்படம்னே பேராயிப்போச்சு, டீச்சர். லயத்துல அவங்கள அப்புடித்தான் சொல்றாங்க."

"அவரைக் கூட்டிக்கொண்டு வா. அவர் வராமல் நான் ஒன்றும் சொல்லமாட்டேன்" என்றேன்.

அரை மணி நேரம் கழித்து வந்தார். என்னைவிட இருபது வயது குறைந்தவர். மெலிந்த உடம்பு, நேரான பார்வை. உள்ளே வராமல் நிலைப்படியிலேயே நின்றார். நான் எழுந்து நின்று, வகுப்பில் பேசிய குரலை விட்டுவிட்டு, எனக்குப் பிறவியில் வந்த பேச்சில் சொன்னேன்.

"அந்த லெட்டர்ல கலப்படம்னு இல்ல. நல்லா சலிச்சிருக்கு, சலிச்சது யாருன்னு கேட்டிருந்தாங்க. நான்தான் தப்பா சொல்லிட்டேன். அந்தச் சொல்லு எனக்குத் தெரியும்னு நெனச்சேன். எனக்குத் தெரியல."

செயலாளர் வாயில் கை வைத்துக்கொண்டாள். ஓர் அம்மா, "அய்யோ, நாம என்னென்ன பேசிட்டோம்" என்று மெல்லச் சொன்னார்.

அந்த அக்கா என்னைப் பார்த்தார். பிறகு மற்றவர்களைப் பார்த்தார்.

"லெட்டரு இங்கிலீசுல இருந்துச்சு, சரி" என்றார். "மொளகு தமிழ்லதானே இருந்துச்சு? இந்தா, சாக்குல கெடக்கு. ஒருத்தராவது ஒரு பிடி அள்ளிப் பாத்தீங்களா?"

அந்த அம்மா குனிந்து சாக்கிலிருந்து ஒரு பிடி அள்ளினார்.

"அக்கா, வந்து சொளகப் புடிங்கக்கா" என்று செயலாளர் அழுதுகொண்டே கையைப் பிடித்தாள்.

"இரு. மொத டீச்சர் லெட்டரு எழுதட்டும். என்னைய நீக்கிட்டோம்னு எழுதினாங்கல்ல, அதே மாதிரி தாள்ல எழுதட்டும். தமிழ்ல எழுதி எனக்கு வாசிச்சுக் காட்டிட்டு, பொறகு இங்கிலீசுல மாத்தட்டும்."

நான் ஒரு சாக்கின் மேல் தாளை வைத்து எழுதினேன். எழுதி முடித்து வாசித்தேன். "மேற்படி விடயம் தொடர்பாக, மொழிபெயர்ப்பில் துரதிர்ஷ்டவசமாக நேர்ந்த ஒரு சிறு தவறு காரணமாக..."

"நில்லுங்க டீச்சர்" என்றார். "துரதிர்ஷ்டம்னா?"

"கெட்ட நேரம்."

"கெட்ட நேரமா பண்ணுச்சு? அது வேணாம். சிறு தவறுன்னு இருக்கே, சிறுவ எடுங்க. நேர்ந்ததுன்னா தானா வந்த மாதிரி இருக்கு. அதயும் எடுங்க."

எடுத்தேன். மேற்படியும் போனது. விடயம் தொடர்பாகவும் போனது. ஒவ்வொரு சொல்லாகக் கேட்டு, கனமில்லாததையெல்லாம் தள்ளிக்கொண்டே வந்தார். அவர் கையில் சுளகு இல்லை, ஆனாலும் வலது மணிக்கட்டு இலேசாக அசைந்துகொண்டிருந்தது. கடைசியில் நாலு வரி மிஞ்சியது. முதல் கடிதத்தை நான் தவறாக மொழிபெயர்த்தேன். அதை நம்பி இந்தச் சங்கம் குற்றமில்லாத ஒருவரை நிறுத்தியது. மாதிரியைச் சலித்தவர் அவர்தான். மொத்தத்தையும் அவரே சலிப்பார்.

என் வாழ்க்கையில் நான் எழுதிய கடிதங்களில் அதைவிடத் தெளிவானது இல்லை. அதன் கீழே என் கையெழுத்தைப் போட்டு, ஆங்கிலத்தில் மாற்றினேன். அந்த ஒரு வினைச்சொல் வந்த இடத்தில் பேனை கொஞ்சம் நின்றது. பிறகு எழுதினேன், இந்தத் தடவை அதன் பழைய பொருளில். செயலாளர் படமெடுத்து அங்கேயே அனுப்பினாள்.

அதற்குப் பிறகுதான் அந்த அக்கா நிலைப்படி தாண்டி உள்ளே வந்தார். சுவரில் சாய்த்திருந்த சுளகை எடுத்து, உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். சாக்கிலிருந்து மிளகை அள்ளிப் போட்டுப் புடைக்கத் தொடங்கினார். உள்ளீடில்லாத பொக்கு மிளகு ஒரு பக்கம் பறந்து ஒதுங்கியது.

நான் புறப்பட எழுந்தேன். அவர் தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"மாதிரியில மிஞ்சினத ஒரு போத்தல்ல டீச்சருக்குக் குடுத்து விட்டாங்களே. அத என்ன செஞ்சீங்க?"

"ரசம் வச்சேன்" என்றேன்.

"எப்புடி இருந்துச்சு?"

"ரொம்ப நல்லா இருந்துச்சு. வீட்டுல அவரு, இத யாரு பொடைச்சதுன்னு கேட்டாரு."

சுளகு நின்றது.

"அத அன்னைக்கே சொல்லியிருக்கலாமே, டீச்சர்" என்றார்.